மண்ணீரல் கணக்கு

உலு சிலாங்கூரில் வளர்ந்தவர்களுக்கு வெள்ளை முதலைக் கதை தெரிந்திருக்கும். பழைய கோலகுபு ஆற்றில் ஒரு வெள்ளை முதலை இருந்ததாம். ஊர் மக்கள் அதை ஆற்றின் காவலாக நினைத்தார்களாம். சிசில் ரேங்கிங் என்ற வெள்ளைக்கார அதிகாரி, யார் சொல்லியும் கேட்காமல் அதைச் சுட்டுவிட்டாராம். ஆறு கோபித்துக்கொண்டு அணையை உடைத்து, ஊரோடு சேர்த்து அவரையும் அடித்துக்கொண்டு போனதாம். 1883 அக்டோபரில் அணை உடைந்ததும், அதில் ரேங்கிங் இறந்ததும் வரலாறு. முதலை மட்டும்தான் கதை.

கலும்பாங்கிலிருந்து தெற்கே கெர்லிங்கைத் தாண்டினால் கோலகுபு பாரு வந்துவிடும். சின்ன வயதில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் இந்தக் கதையைச் சொல்வார்கள். பொறியாளரான பிறகு அதை ஒரு விபத்து விசாரணை அறிக்கையாகவே வாசிக்கப் பழகிவிட்டேன். காரணம் ஒன்று, குற்றவாளி ஒருவர், அவரும் செத்துப்போனார், கோப்பு மூடப்பட்டது. மண்ணால் கட்டிய பழைய அணை, அதற்குக் கீழே ஊர், மேலே பெருமழை என்ற மூன்றும் கதையில் ஓரமாகத்தான் நிற்கின்றன. அணை போன பிறகும் ஊர் அங்கேயே இருந்தது. ஈயச் சுரங்கங்களிலிருந்து வந்த மண் ஆற்றுப்படுகையை உயர்த்தியது, வெள்ளம் திரும்பத் திரும்ப வந்தது. ஊரை மேட்டுக்கு மாற்றுவதற்கு 1920-களின் பிற்பகுதி ஆகிவிட்டது. சார்ல்ஸ் ரீட் என்ற நகரத் திட்டக்காரர் வரைந்த அந்தப் புது ஊர்தான் இன்றைய கோலகுபு பாரு. முதலையைச் சுட்டவர் செத்து நாற்பது வருடம் கழித்துத்தான் உண்மையான காரணத்தின் மேல் யாரோ கை வைத்தார்கள்.

நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு, இப்போது ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். இந்தத் துறையில் இருப்பவர்களிடம் 'ஹைராக்' என்று சொன்னால் முகம் சுருங்கும். அபாயத்தை அடையாளம் காண், இடரை மதிப்பிடு, கட்டுப்படுத்து என்ற மூன்று வேலைகளின் ஆங்கிலத் தலைப்பெழுத்துகள் சேர்ந்த சொல் அது. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2008-ல் இதற்கான வழிகாட்டியை வெளியிட்டது. ஓர் ஆபத்து நடக்க எவ்வளவு வாய்ப்பு என்பதற்கு 1 முதல் 5 வரை மதிப்பெண். நடந்தால் எவ்வளவு மோசம் என்பதற்கு இன்னொரு 1 முதல் 5. இரண்டையும் பெருக்க வேண்டும். 15-ம் அதற்கு மேலும் சிவப்பு. 5 முதல் 12 வரை மஞ்சள். 4-ம் அதற்குக் கீழும் பச்சை.

படிவத்தைக் கிண்டல் செய்பவர்களோடு நான் சேரமாட்டேன். உட்கார்ந்து ஒவ்வொரு வேலையையும் துண்டு துண்டாகப் பிரித்து எழுதும்போது, பத்து வருடமாக யாரும் கண்டுகொள்ளாத ஒரு ஓட்டை திடீரென்று கண்ணில் படும். அந்த வேலை எனக்குப் பிடிக்கும். ஆனால் எண்ணைப் போடுவது யார் என்ற கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. ஆபத்துக்குள் நிற்பவரா, அவரை வெளியே நின்று பார்ப்பவரா? எங்கள் பக்கத்துத் தோட்டங்களின் நூறு வருடக் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தது இந்தக் கேள்வியால்தான்.

முதலில் கையில் சிக்கியது கொசு.

மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்டிஷ் மருத்துவர் 1901 ஜனவரியில் கிள்ளானுக்கு வந்தார். மலேரியாவுக்குக் கொசுதான் காரணம் என்று ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்து நாலு வருடம்கூட ஆகவில்லை. அந்த வருடம் செப்டம்பரில் சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், திறக்கப்பட்டதும் வேலைக்கு வந்தவர்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். வாட்சன் சதுப்பை வடித்து, சுற்றியிருந்த காட்டை வெட்டச் சொன்னார். காய்ச்சல் மளமளவென்று குறைந்தது. ரப்பர் தோட்டங்கள் பெருகியபோது கடலோரத் தோட்டங்களிலும் இதையே செய்தார்கள். காட்டை அழி, கால்வாய் வெட்டு, தண்ணீரை ஓட விடு. அங்கும் பலன் கிடைத்தது.

அதே மருந்தை மலையடிவாரத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனபோது கதை தலைகீழாகியது. காடு வெட்ட வெட்ட அங்கே காய்ச்சல் கூடியது. காரணம், கொசு வேறு. கடலோரச் சதுப்பில் மலேரியாவைப் பரப்பிய அனாபிலிஸ் அம்ப்ரோசஸ் நிழல் விழுந்த, தேங்கிய, பழுப்பு நிறத் தண்ணீரில் முட்டையிடும். மலைப் பக்கத்து அனாபிலிஸ் மாகுலாட்டஸுக்கோ வெயில் படுகிற, தெளிந்த, ஓடுகிற ஓடை வேண்டும். மலைச்சரிவில் மரத்தை வெட்டினால் அதற்கு நாமே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. கிள்ளான் பக்கம் உயிரைக் காத்த கத்தி இந்தப் பக்கம் ஆளைக் கொன்றது. கலும்பாங் தித்திவாங்சா மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிற ஊர், ஆகவே இரண்டாவது வகை நிலம். பின்னால் மலைத் தோட்டங்களில் ஓடைகளை மண்ணுக்கடியில் குழாய் பதித்து ஓட விட்டார்கள். அதற்கும் பின்னால் தண்ணீர் மேல் எண்ணெய் தெளிக்கும் முறை வந்தது.

தண்ணீருக்குக் குழாய் பதிப்பது செலவு பிடிக்கும் வேலை. எந்தத் தோட்டத்தில் நோய் எவ்வளவு என்று தெரியாமல் எந்தக் கம்பெனியும் காசை இறக்காது. அளக்க ஒரு கருவி வேண்டும். வாட்சன் எடுத்துக்கொண்ட கருவி தோட்டத்துக் குழந்தைகளின் வயிறு. மலேரியா திரும்பத் திரும்ப வந்தால் இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கும், கை வைத்து அழுத்தினால் தட்டுப்படும். பெரியவர்கள் இன்று வருவார்கள் நாளை போவார்கள், காய்ச்சலை ஊரிலிருந்தே கொண்டுவந்திருக்கவும் கூடும். குழந்தைகள் அங்கேயே இருப்பவர்கள், ஆகவே அவர்களின் வயிறு அந்த இடத்தின் உண்மையைச் சொல்லும். நூறு குழந்தைகளில் எத்தனை பேருக்கு வீக்கம் என்பதுதான் அந்தத் தோட்டத்தின் மண்ணீரல் விகிதம். லயம் காட்டிலிருந்து எவ்வளவு தூரம், அங்கே விகிதம் எத்தனை என்று அட்டவணை போட்டார். தூரம் குறையக் குறைய விகிதம் ஏறியது. லயத்தை எங்கே கட்டுவது என்பதை அந்த அட்டவணை தீர்மானித்தது.

ஒரு பொறியாளனாக இதைப் படிக்கும்போது மனம் கைதட்டுகிறது. அபாயம் எங்கே, அது யாரைத் தொடுகிறது, தூரத்தைக் கூட்டினால் என்ன ஆகும் என்று எல்லாம் இருக்கிறது. இன்றைய ஹைராக் படிவங்கள் பலவற்றில் இந்த அளவுக்கு நேர்மையான அளவீடு கிடையாது. ஆனால் அதே பக்கத்தைத் தோட்டத்துப் பேரனாகப் படித்தால் வேறொன்று தெரிகிறது. லயத்து வாசலில் சட்டையில்லாமல் வரிசையாக நிற்கும் பிள்ளைகள். தொப்பி போட்ட ஒருவர் குனிந்து வயிற்றை அழுத்துகிறார், பக்கத்தில் நிற்கும் கிராணி ஒரு கோடு போடுகிறார். இது என் கற்பனைதான். ஆனால் அந்த அட்டவணைகள் வேறு எப்படியும் உருவாகியிருக்க முடியாது.

1911-ல் ஐக்கிய மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் 143,614 பேர் இருந்தார்கள். அந்த ஒரே வருடத்தில் 9,040 பேர் இறந்தார்கள். ஆயிரத்துக்கு 62.9. பெரும்பாலானவர்கள் தமிழர்கள். சராசரி அது. மோசமான தோட்டங்களில் இதற்கு மேல் போனது. இவ்வளவு சாவுக்கும் காரணம் கேட்டால், ஆட்கள் பலவீனமானவர்கள், சரியாகச் சமைத்துச் சாப்பிடத் தெரியாதவர்கள், கொய்னா மாத்திரையை விழுங்காமல் துப்புகிறவர்கள் என்ற பதில்கள் துரைமார் மத்தியில் தயாராக இருந்தன. இன்றைக்கும் விபத்து அறிக்கையில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதுகிறார்களே, அதன் தாத்தா. வாட்சனின் பெருமை என்னவென்றால் அவர் ஆளைப் பார்க்கவில்லை, இடத்தைப் பார்த்தார்.

துரைமார் ஏன் அவர் பேச்சைக் கேட்டார்கள்? மனிதாபிமானம் கொஞ்சம் இருந்திருக்கலாம், இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் காலத்தைப் பாருங்கள். 1907-ல் தமிழ்க் குடியேற்ற நிதி வந்துவிட்டது. ஆள் கொண்டுவரும் செலவு எல்லாத் தோட்டங்களுக்கும் பொதுவானது. 1910-ல் ஒப்பந்தக் கூலிக்கு ஆள் எடுப்பது நின்றது. கங்காணி ஊருக்குப் போய் ஆள் சேர்க்கும்போது, எந்தத் தோட்டத்தில் ஆள் சாகிறது என்ற செய்தி அவனுக்கு முன்னாலேயே ஊருக்குப் போயிருக்கும். ரப்பர் விலை உச்சத்தில். மரம் தயார், வெட்ட ஆள் இல்லை. சாவு அப்போது கம்பெனிக்கு நேரடி நட்டம். அதனால்தான் ஓடையை மண்ணுக்கடியில் இறக்கும் அளவுக்குக் காசு வந்தது. இந்த இடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்த ஐம்பது வருடத்தை வேகமாகத் தாண்டுகிறேன். யுத்தம், அவசரகாலம், சுதந்திரம், தோட்டத் துண்டாடல். 1967-ல் தொழிற்சாலைகள், இயந்திரங்கள் சட்டம் வந்தது. தொழிற்சாலை, சுரங்கம், கல் உடைக்கும் இடம், கட்டுமானம் ஆகியவற்றை அது பார்த்துக்கொண்டது. நாட்டின் மொத்த உழைப்பாளர்களில் சுமார் 24 விழுக்காட்டினர்தான் அதன் குடைக்குள் வந்தார்கள். தோட்டத்தில் பாலை உறைய வைத்து ஷீட் போடும் ஸ்டோரில் இருந்த இயந்திரத்துக்குச் சட்டம் உண்டு. நிரையில் நிற்கும் ஆளுக்கு இல்லை. அடிபட்டால் இழப்பீடு கொடுக்க 1952-லிருந்தே சட்டம் இருந்தது, 1969-க்குப் பிறகு சொக்சோவும் வந்தது. அடிபடாமல் பார்த்துக்கொள்வது முதலாளியின் கடமை என்று வயலில் நிற்கும் தொழிலாளிக்காகச் சொல்ல ஒரு பொதுச் சட்டம் இல்லை.

அது வருவதற்கு சுங்கை பூலோ வெடிக்க வேண்டியிருந்தது. 1991 மே 7-ஆம் தேதி மாலை, அங்கிருந்த பிரைட் ஸ்பார்க்லர்ஸ் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்துச் சிதறியது. 26 பேர் இறந்தார்கள், நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள், சுற்றியிருந்த வீடுகளும் நொறுங்கின. அரச விசாரணை ஆணையம் உட்கார்ந்தது. மூன்று வருடம் கழித்து, 1994 பிப்ரவரி 25-ல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஓஷா என்று நாங்கள் சொல்வது இதைத்தான். அந்த வெடிப்பு மட்டுமே சட்டத்தைக் கொண்டுவரவில்லை. தொழில்மயமாதல் வேகமெடுத்த காலம், பழைய சட்டம் போதாது என்று முன்பே பேச்சு இருந்தது. ஆனால் சுங்கை பூலோ இல்லாமல் ஓஷாவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு முக்கியமான தகவல் வேறு: பால் வெட்டுகிறவரும் மருந்தடிக்கிறவரும் இந்த நாட்டின் பாதுகாப்புச் சட்டத்துக்குள் நுழைந்த வருடம் 1994. மலாயாவில் ரப்பர் தோட்டம் போட ஆரம்பித்து ஏறக்குறைய நூறு வருடம் கழித்து.

இந்தச் சட்டத்தின் அடிப்படை எண்ணம் இங்கிலாந்திலிருந்து வந்தது. ஆபத்தை உண்டாக்குகிறவர்களும் அதோடு சேர்ந்து வேலை செய்கிறவர்களும்தான் அதைக் கட்டுப்படுத்த வேண்டும், அரசாங்கம் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் விதி எழுதிக்கொண்டிருக்க முடியாது என்பது 1972-ல் வந்த ராபன்ஸ் அறிக்கையின் சாரம். அதை எழுதிய குழுவுக்குத் தலைவர் ராபன்ஸ் பிரபு. இவர் யார்? 1966 அக்டோபர் 21-ல் வேல்ஸில் அபர்ஃபான் என்ற ஊரில் நிலக்கரிக் கழிவு மேடு சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 144 பேர் இறந்தார்கள், அதில் 116 பேர் குழந்தைகள். அந்த மேட்டுக்குச் சொந்தக்காரர் தேசிய நிலக்கரி வாரியம். அப்போது வாரியத்தின் தலைவர் இதே ராபன்ஸ். செய்தி தெரிந்த பிறகும் அவர் உடனே அங்கே போகவில்லை, ஒரு பல்கலைக்கழகத்தின் வேந்தராகப் பதவியேற்கும் விழாவுக்குப் போனார். விசாரணை மன்றம் வாரியத்தைத்தான் குற்றம் சொன்னது. நாலு வருடத்தில் அவரையே வேலையிடப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவராக்கினார்கள். மேடு சரியும் என்ற பயத்தை ஊர் மக்கள் விபத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆபத்தோடு வாழ்பவர்களின் குரலைக் கேட்காத வாரியத்தின் தலைவர், ஆபத்தோடு வேலை செய்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு என்று எழுதினார். கொள்கையை நான் ஏற்கிறேன். எழுதிய கையை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

சரி, 1994-க்குப் பிறகு மருந்தடிக்கிறவருக்கு என்ன மாறியது?

இதில் எனக்கு ஒரு சாட்சி உண்டு. என் பாட்டி கலும்பாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் மருந்தடித்தவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்த காலம். செம்பனையில் பழம் வெட்டுவது ஆம்பளை வேலை, மரத்தடிப் புல்லுக்கு மருந்தடிப்பது பொம்பளை வேலை என்று தோட்டங்களில் ஒரு பிரிவினை. முதுகில் பம்பு, அதில் கலந்த மருந்து. மருந்துக்குப் பெயர் கேட்டால் பாட்டிக்குத் தெரியாது. "புல்லு மருந்து" அவ்வளவுதான். தகர டின்னின் நிறத்தையும் வாடையையும் வைத்து அது பாராகுவாட் என்று பின்னாளில் நாங்கள்தான் தெரிந்துகொண்டோம். கிராமொக்சோன் என்ற பெயரில் 1962-ல் பிரிட்டிஷ் கம்பெனியான ஐசிஐ சந்தைக்குக் கொண்டுவந்தது. உடம்புக்குள் போனால் நுரையீரலைக் கெடுக்கும், எதிர்மருந்து கிடையாது. காயம்பட்ட தோல் வழியாகவும் உள்ளே போகும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், படிவம் நிரப்பும் உற்சாகத்தில் பாட்டியிடம் விசாரித்தேன்.

"பாட்டி, கையுறை, முகமூடி, பூட்ஸ் எல்லாம் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க சாமி. கடைசிக் காலத்துல குடுத்தாங்க. வெயில்ல அதப் போட்டுக்கிட்டு மூச்சு விட முடியுமா? வேர்வை கண்ணுக்குள்ள இறங்கும். தொடைக்கக் கையத் தூக்குனா கையில மருந்து."

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

"காத்துப் பாத்துத்தான் நிரை எடுப்போம். காத்து எதுத்து அடிச்சா மறுபக்கத்துலருந்து வருவோம். மண்டோரு கத்துவாரு, நிரை முடியலன்னு. வீட்டுக்கு வந்தா குளிக்காம பிள்ளையத் தொடமாட்டோம். அந்தத் துணிய வேற வாளியில தொவைப்போம். நகம் கறுத்துப்போயி விழும். அப்புறம் மொளைக்கும்."

இதில் ஒரு முழு இடர் மதிப்பீடு இருக்கிறது. காற்றின் திசை, வேலை வரிசை, வீட்டுக்குள் நஞ்சு வராமல் தடுப்பது, துணியைப் பிரித்து வைப்பது. யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. அதை எந்தப் படிவத்திலும் யாரும் எழுதவுமில்லை. தெனாகனித்தாவும் ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி நடவடிக்கை வலையமைப்பும் 2002-ல் வெளியிட்ட தோட்ட மருந்தடிப்புப் பெண்கள் பற்றிய ஆய்வில் பாட்டி சொன்னதுதான் இருக்கிறது. மூக்கில் ரத்தம், கண்ணில் நீர், தோல் எரிச்சல், நிறம் மாறிய நகம். ஐரீன் ஃபெர்னாண்டஸ் நடத்திய அமைப்பு அது. ஆவணம் என்று ஒன்று இருப்பதற்காவது அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இப்போது பாட்டியின் நகத்தை என் படிவத்தில் போட்டுப் பார்க்கிறேன். வாய்ப்பு: அடிக்கடி நடக்கிறது, ஆகவே 5. கடுமை: வழிகாட்டியின்படி சிராய்ப்பு, வெட்டு, முதலுதவியோடு போகிற காயம் என்றால் 1. தாராள மனத்தோடு 2 போடலாம். 5 × 2 = 10. மஞ்சள். வாரா வாரம் விழுந்தாலும் மஞ்சள்தான், சிவப்பை எட்டாது. இந்தக் கணக்கு ஒருநாள் விபத்துக்கானது, இருபது வருட விபத்துக்கு அதில் கட்டம் இல்லை. இரசாயனங்களுக்கென்று 2000-ல் தனி விதிமுறை வந்தது, தகுதி பெற்ற மதிப்பீட்டாளர் வந்து தனியாக மதிப்பிட வேண்டும் என்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவர் வந்து போகும் நாளில் பெரட்டுக்களத்தில் எல்லோரும் புதுக் கையுறையோடு நிற்பார்கள் என்பது தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

கட்டுப்பாடுகளுக்கு ஒரு படிநிலை உண்டு, பாதுகாப்பு வகுப்பில் முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள். முதலில் ஆபத்தையே நீக்கு. முடியாவிட்டால் ஆபத்து குறைந்த ஒன்றை மாற்றாக வை. பிறகு தடுப்பு, பொறியியல் ஏற்பாடு, வேலை முறை. எல்லாம் தோற்றால் கடைசியாகத்தான் கையுறையும் முகமூடியும். 1910 வாக்கில் மலைத் தோட்டத்தில் துரைமார் என்ன செய்தார்கள்? ஓடையையே புதைத்தார்கள். படிநிலையின் உச்சிப் படி. 1990-களில் பாட்டிக்கு என்ன கிடைத்தது? கையுறை. கடைசிப் படி. எண்பது வருடத்தில் அறிவியல் முன்னேறியிருக்கிறது, சட்டம் வந்திருக்கிறது, ஆனால் தோட்டம் மேல்படியிலிருந்து கீழ்ப்படிக்கு இறங்கியிருக்கிறது.

கடலுக்கு அப்பாலிருந்து கூட்டிவந்த ஆள் செத்தால் வேறு ஆள் கிடைப்பது கஷ்டம் என்ற காலத்தில் ஓடையைப் புதைக்கப் பணம் இருந்தது. மருந்தடிக்கிற பொம்பளைக்கு நகம் விழுந்தால் அடுத்த லயத்திலிருந்து இன்னொருத்தி வருவாள். அவளுக்கும் வேறு வேலை இல்லை. வீடும் தோட்டத்து வீடு, வேலை போனால் வீடும் போகும். இப்படிப்பட்டவரின் இடரை மேல்படிக்குக் கொண்டுபோக எந்தக் கம்பெனிக்கும் காரணம் இல்லை. இடர் மதிப்பீடு என்பது சுத்தமான கணக்கு என்று சொல்கிறவர்களோடு இந்த இடத்தில்தான் நான் பிரிகிறேன். பெருக்கல் சுத்தம்தான். பெருக்குவதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு விலை போட்டாகிவிடுகிறது.

பாராகுவாட்டின் மீதிக் கதை இதை உறுதிப்படுத்துகிறது. 2002 ஆகஸ்டில் மலேசியா அதைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. 2006-ல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. மாற்று மருந்துக்குச் செலவு அதிகம் என்ற செம்பனைத் தொழிலின் குரல் அப்போது பலமாகக் கேட்டது. சுவீடன் 1983-லேயே தடை செய்திருந்தது. 2007-ல் ஐரோப்பிய நீதிமன்றம் ஒன்றியம் முழுமைக்குமான அனுமதியை ரத்து செய்தது. அதற்குப் பிறகும் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் ஏற்றுமதிக்காக அது தயாராகிக்கொண்டிருந்தது. தன் வயலில் தெளிக்க விடாததை அடுத்தவன் வயலுக்கு விற்கலாம். மலேசியாவில் முழுத் தடை 2020 ஜனவரி 1-ல்தான் வந்தது. அதற்குள் கலும்பாங் பக்கத்து லயங்களில் தமிழ் மருந்தடிப்புப் பெண்கள் அநேகமாக இல்லை. பிள்ளைகள் டவுன் பக்கம் வீடு எடுத்துக் கூட்டிப்போய்விட்டார்கள். பம்பு இப்போது இந்தோனேசியர், வங்காளதேசிகள் முதுகில் இருக்கிறது. மருந்து மாறியிருக்கிறது, விலைக் கணக்கு மாறவில்லை.

2022 டிசம்பர் 16 விடியற்காலையில் எங்கள் உலு சிலாங்கூரிலேயே, பத்தாங் காலி பக்கம் ஒரு முகாம் தளத்தின் மேல் மண் சரிந்தது. கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்களில் 31 பேர் இறந்தார்கள். அந்த இடத்துக்கு இயற்கை விவசாயப் பண்ணைக்கான அனுமதி இருந்தது, முகாம் நடத்த அனுமதி இல்லை என்று பிறகு தெரிந்தது. பண்ணைக்காக யாரோ ஒரு மதிப்பீடு செய்திருப்பார்கள், கீரைக்கும் கோழிக்கும். இரவில் அங்கே பிள்ளைகள் தூங்குவார்கள் என்பது எந்தப் படிவத்திலும் இல்லை. 1883-ல் அணை, 2022-ல் சரிவு. இந்த முறை முதலைக் கதை கிளம்பவில்லை, அதுவரை சந்தோஷம்.

ஓஷா சட்டத்தைத் திருத்திய 2022-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 2024 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்தது. பழைய 1967 சட்டம் போய்விட்டது. இடர் மதிப்பீடு செய்வது இப்போது முதலாளிக்குச் சட்டக் கடமை, வழிகாட்டி மட்டும் அல்ல. ஐந்து பேர் வேலை செய்தாலே ஒரு பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் வேண்டும். முதலாளியின் முக்கியக் கடமைகளை மீறினால் அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 வரை ஏறியிருக்கிறது. என் கண்ணுக்குப் பெரியதாகப் பட்டது 26ஏ என்ற சிறு பிரிவு. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க எதுவும் செய்யாவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம். விலகியதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. எண் போடுவது யார் என்ற என் கேள்விக்கு இந்த நாட்டின் சட்டம் கொடுத்த முதல் நேரடிப் பதில் என்று இதைப் படித்தேன். பாட்டி நிரையிலிருந்து வெளியே வந்து காற்று மாறும் வரை உட்கார்ந்திருக்கலாம், மண்டோர் கத்த முடியாது.

வேலை இடத்தில் இந்தப் பிரிவை விளக்க ஒரு கூட்டம் போட்டோம். இரவு ஷிஃப்ட் ஆட்கள், பாதிப் பேர் நேபாளிகள். மலாயில் சொன்னேன், அவர்களில் மூத்தவர் ஒருவர் நேபாளியில் சொன்னார். கேள்வி உண்டா என்றேன். கொஞ்ச நேரம் அமைதி. பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். அப்படி விலகிப் போய் நிற்கிற நேரத்துக்கு ஓவர்டைம் உண்டா என்று கேட்டார். பிரிவை எடுத்து அங்கேயே மறுபடி வாசித்தேன். ஓவர்டைம் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.